பல்குச்சியின் சரித்திரம்

கி.பி. 671-ஆம் ஆண்டில் சீன தேசத்திலிருந்து கப்பலேறிய இத்சிங் என்னும் பௌத்த பிக்ஷு, 673-இல் வங்கத்தின் தாமிரலிப்தித் துறையில் வந்திறங்கினார். பின்னர் நாளந்தாவில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் தங்கிக் கல்வி பயின்றார். இந்நாட்டில் அவர் கண்டு வியந்து எழுதியவற்றுள் பல் துலக்கும் பழக்கமும் ஒன்று. காலையில் பல்குச்சியை மென்று, நாவை வழித்து, வாய் கொப்பளித்த பின்னரே பிறரை வணங்க வேண்டும்; அதற்குமுன் வணங்கினால் வணங்கியவருக்கும் ஏற்றவருக்கும் குற்றம் உண்டு என்பது விதி. இப்பழக்கத்தினால் இங்குப் பல்வலி அரிது என்றும் அவர் குறித்தார்.

அவர் கண்டது புதிய வழக்கமன்று. குச்சி 12 விரற்கடை நீளமும் சுண்டுவிரற் பருமனும் உடையதாய் இருத்தல் வேண்டும் என்று சுசுருத சம்ஹிதை வகுக்கின்றது. கசப்பில் வேம்பும், துவர்ப்பில் கருங்காலியும், கார்ப்பில் புங்கும் சிறந்தவை என்கின்றது. ஈறு புண்படாமல் துலக்குக என்று எச்சரிக்கின்றது. வாய்ப்புண் உடையோருக்குக் குச்சியையே விலக்குகின்றது. ஆகவே முன்னோர் போற்றியது மரத்தை மட்டுமன்று. அளவையும் ஒழுங்கையுமே ஆகும்.

வேலியில் ஒடித்த குச்சிக்கு விலையில்லை. பள்ளி செல்லாத சிறுவனும் பாட்டனைப் பார்த்து இதனைக் கற்றான். மெல்லும்போது உமிழ்நீர் பெருகுகின்றது. நார் பல்லின்மேற் படிந்த அழுக்கை அகற்றுகின்றது. எனினும், கடைவாய்ப் பற்களின் இடுக்குகளைக் குச்சி எளிதில் எட்டுவதில்லை.

காலப்போக்கில் குச்சியின் இடத்தைப் பல ஊர்களில் கரியும் செங்கற்பொடியும் பிடித்துக்கொண்டன. இவை பல்லை வெளுக்கச் செய்வனபோல் தோன்றினும், அதன் மேற்பூச்சைத் தேய்த்துவிடும். தேய்ந்த பூச்சு மீண்டும் வளராது. இவற்றினும் கொடியது புகையிலை. மகாராஷ்டிரத்தில் வறுத்த புகையிலைப் பொடியை ‘மிஷ்ரி’ என்றும், பீகாரில் புகையிலை கலந்த பற்பொடியை ‘குல்’ என்றும் வழங்குவர். பல்வலிக்கு மருந்தென்று எண்ணித் தொடங்குவோர் அதற்கே அடிமையாகிவிடுகின்றனர். வாயில் புற்று தோன்றுதற்கும் அது ஏதுவாகின்றது. பற்பசையிலும் பற்பொடியிலும் புகையிலை சேர்ப்பதை அரசாங்கம் 1992-இல் தடை செய்தது. ஆயினும் வீட்டு அடுப்பில் வறுக்கும் புகையிலையைச் சட்டத்தால் மட்டும் தடுத்தல் அரிது.

1920-இல் டாக்டர் ரபியுதீன் அகமது கல்கத்தாவில் பல்மருத்துவக் கல்லூரியை நிறுவினார். 1948-இல் பல்மருத்துவர் சட்டம் நிறைவேறியது. எனினும், மருத்துவர் பெரும்பாலும் நகரத்திலேயே இருந்தமையால், கிராமவாசி பல்லைப் பிடுங்குவதற்கே அவரை நாடினான்.

வருமுன் காத்தல் நம் நாட்டுக்குப் புதிய பாடமன்று. குச்சியாயினும் தூரிகையாயினும், காலையிலும் இரவு உறங்குமுன்னும் ஈறு நோகாமல் துலக்குதல் வேண்டும். ஃப்ளூரைடு கலந்த பற்பசை கிடைப்பின் அது பற்சொத்தையைத் தடுக்க மிக உதவும். வலி வருமுன்னரே மருத்துவரிடம் பல்லைக் காட்டுதல் நலம். பழமையின் பெயரால் கரியையும் புகையிலையையும் காப்பாற்ற வேண்டுவதில்லை. இத்சிங் வியந்த அந்த நாள்தவறாத ஒழுங்கைக் காப்பாற்றினாற் போதும்.