ஒவ்வொருவரும் என்னும் சொல்

அடைக்கலம் தேடி வருவோர்க்கு உணவும் உறையுளும் அளித்தல் அறம் என்பதை நாம் அறிவோம். வழக்குமன்றத்தில் அவர்களுக்குத் துணைநிற்பதும் அதே அறத்தின்பாற் பட்டது என்பதை அத்துணை எளிதில் உணர்வதில்லை. கனடா நாட்டின் வரலாறு இதனை நமக்கு உணர்த்துகின்றது.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையைக் கனடா 1969இல் ஏற்றது. ஆயினும் பின்னர் அங்கு நிலவிய நடைமுறை விந்தையானது. அடைக்கலம் கோரியவரின் வாக்குமூலத்தை ஓர் அதிகாரி பதிவுசெய்வார். அதன் எழுத்துப்படியை ஓர் ஆலோசனைக் குழு படித்து அமைச்சருக்குக் கருத்துரைக்கும். அக்குழு அம்மனிதரின் முகத்தைக் கண்டதில்லை. தமக்கு எதிராகக் கொள்ளப்பட்ட செய்திகள் எவை என்பதை அவரும் அறிந்ததில்லை.

இதனை எதிர்த்து ஏழு பேர் உச்சநீதிமன்றத்தை அணுகினர். அவர்களுள் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து சென்ற சீக்கியர். சீக்கியச் சங்கங்களின் கூட்டமைப்பும் கனடியத் திருச்சபைகளின் மன்றமும் அவ்வழக்கில் தாமும் இணைந்து வாதிட்டன. 1985 ஏப்ரல் 4 அன்று ஆறு நீதிபதிகளும் அவ்வேழ்வருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர். மூவர் 1960ஆம் ஆண்டின் உரிமைச் சட்டத்தையும், மூவர் 1982ஆம் ஆண்டின் உரிமைச் சாசனத்தையும் அடிப்படையாகக் கொண்டனர். பின்னைய மூவர் சார்பில் எழுதிய பெர்த்தா வில்சன் அம்மையார், சாசனத்தில் உள்ள ‘ஒவ்வொருவரும்’ என்னும் சொல் குடிமக்களை மட்டுமன்றிக் கனடிய மண்ணில் இருக்கும் எந்த மனிதரையும் குறிக்கும் என்றார். ஒருவர் சொல்வது மெய்யா என்பதே வினாவாக இருக்கையில், அவரை நேரில் கேளாது முடிவுசெய்தல் நீதியன்று என்றும், அலுவலக வசதி அதற்குத் தக்க காரணமாகாது என்றும் உரைத்தார்.

இத்தீர்ப்பின் விளைவாக 1989 ஜனவரி முதல் நாள், அகதிகளை நேரில் விசாரிக்கும் வாரியம் தோன்றியது. 1983ஆம் ஆண்டின் வன்முறைக்குப் பின் இலங்கையை விட்டு ஏகிய தமிழர் பலரும் அவ்வாரியத்தின் முன் தம் கதையைத் தம் வாயாலேயே எடுத்துரைத்தனர்.

ஆனால் பேச இடம் கிடைத்தால் மட்டும் போதுமா? அஞ்சி ஓடிவந்தவர் நாள்களை மறப்பார். பட்ட துன்பத்தைச் சொல்ல நாணுவார். மொழிபெயர்ப்பில் ஒரு சொல் பிறழும். அம்முரண்பாடே பொய்யெனக் கொள்ளப்படலாம். சான்றுகளைத் திரட்டி, நிகழ்ந்தவற்றை நிரல்படுத்தித் தருபவர் வழக்குரைஞரே.

இப்பணியில் வெற்றி மட்டுமே கிட்டுவதில்லை. புதிய சட்டத்தை எதிர்த்துத் திருச்சபைகளின் மன்றம் தானே வழக்காடியபோது, பாதிக்கப்பட்ட அகதிகளே வழக்குத் தொடரலாம் என்று கூறி, மன்றத்தின் வழக்கை உச்சநீதிமன்றம் 1992இல் ஏற்க மறுத்தது. அமெரிக்கா வழியாக வருவோரைப் பெரும்பாலும் திருப்பியனுப்பும் ஒப்பந்தம் 2004இல் நடைமுறைக்கு வந்தது. அதனை எதிர்த்தோருள்ளும் அம்மன்றம் இருந்தது. உயிர், விடுதலை, பாதுகாப்பு ஆகிய உரிமைகளை அவ்வொப்பந்த விதிகள் மீறவில்லை என 2023இல் உச்சநீதிமன்றம் தீர்ப்புரைத்தது; சமத்துவம் பற்றிய வினாவை மட்டும் கீழ்நீதிமன்றத்திற்குத் திருப்பியனுப்பியது.

மண்ணில் கால்வைத்தவர்க்கே அந்தச் சொல் காவலாகின்றது. எல்லையில் நிற்பவர் இன்னும் வெளியிலேயே நிற்கின்றார். தோற்றபின்னும் மீண்டும் வழக்குமன்றத்தின் படியேறுவோர் உள்ளவரையே ‘ஒவ்வொருவரும்’ என்னும் சொல்லுக்கு உயிர் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.