எந்தப் பக்கம் தள்ளுவது

தகப்பன் இறந்துவிட்டான். மகன்கள் இருக்கிறார்கள், மகள்கள் இருக்கிறார்கள். ஆணா பெண்ணா என்று உடலைப் பார்த்துச் சொல்ல முடியாத பிள்ளையும் ஒன்று இருக்கிறது. சொத்தில் அதற்கு என்ன பங்கு?

கி.பி. 200 வாக்கில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டநூலான மிஷ்னா இந்தக் கேள்வியை எழுப்புகிறது. அந்தச் சட்டப்படி சொத்து மகன்களுக்கு. மகள்களுக்கு அதிலிருந்து பராமரிப்பு. சொத்து குறைவென்றால் மகள்களின் சாப்பாட்டுக்கே முதலிடம். மகன்கள் வாசல் வாசலாகப் போய்க் கையேந்த வேண்டியதுதான். 'தும்தும்' எனப்பட்ட அந்தப் பிள்ளையை, சொத்து மிகுந்திருந்தால் ஆண்கள் பெண்கள் பக்கம் தள்ளலாம். குறைந்திருந்தால் பெண்கள் ஆண்கள் பக்கம் தள்ளலாம்.

முதன்முறை இதை வாசித்தபோது ஆண்கள்மீது மட்டும் எனக்குக் கோபம் வரவில்லை. வாரிசுரிமை இல்லாத பெண்களும் தங்களுக்குக் கிடைத்த சோற்றைக் காக்க இன்னொருவரை வெளியே தள்ளுகிறார்கள். பெண்ணியம் பேசுகிற நாம் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

அதே நூலின் இன்னொரு பகுதி, இருபாலின் உடற்குறிகளும் உள்ள 'ஆண்ட்ரோகினோஸ்' பற்றிப் பேசுகிறது. மதக் கட்டளைகளெல்லாம் ஆணைப்போல் அவரையும் கட்டுப்படுத்தும்; சாட்சி சொல்லும் தகுதி பெண்ணைப்போல் அவருக்கும் இல்லை. கடமை ஆணுடையது, வாய்ப்பூட்டு பெண்ணுடையது. ஆனாலும் அவரைக் கொன்றவருக்குக் கொலைக்குரிய தண்டனை உண்டு. ரபி யோசே ஒருவர் மட்டும், அவரை எதனோடும் ஒப்பிடாமல் தனியொரு படைப்பு என்றார்.

இந்த ரபிகளை விடுதலை வீரர்களாக்க எனக்கு விருப்பமில்லை. அவர்கள் பேசியது உடலைப் பற்றி. ஒருவர் தன்னை யாராக உணர்கிறார் என்பதைப் பற்றியல்ல. இருந்தும் ஆண்-பெண் இருமைக்குள் அடங்காத இன்றைய யூதர்கள் இந்தப் பக்கங்களைத் தேடிப் போகிறார்கள். தங்களைப் போன்றோர் நேற்று முளைத்தவர்கள் அல்ல என்பதற்கு அங்கே சான்று இருக்கிறது.

அவர்களுக்குத் தினசரிச் சிக்கல் மொழி. தமிழில் 'நான் வருகிறேன்' என்றால் பால் தெரியாது. 'வந்தார்' என்ற மரியாதைக்குள்ளும் ஒதுங்கிக்கொள்ளலாம். எபிரேயத்தில் அந்த நிழல் கிடையாது. 'நான் வருகிறேன்' என்றாலே ஆணா பெண்ணா என்று வினை காட்டிக்கொடுத்துவிடும். தோரா வாசிப்புக்கு அழைக்கும்போதும் 'பென்', அதாவது இன்னாரின் மகன். அல்லது 'பத்', இன்னாரின் மகள். பிள்ளை என்று பொதுவாகச் சொல்ல அந்த மரபில் இடமில்லை. தன் பெற்றோர் பெயரோடு தன் பெயரைக் கேட்கவேண்டிய கணத்திலேயே ஒருவர் அந்நியராகிவிடுகிறார்.

இதற்குச் சில சபைகள் கண்ட சொல் 'மிபேத்': இன்னாரின் வீட்டைச் சேர்ந்தவர். அமெரிக்கக் கன்சர்வேட்டிவ் பிரிவின் சட்டக் குழு, பால் சுட்டாமல் அழைப்பதற்கான தீர்ப்பை 2022இல் ஏற்றது. ஆர்த்தடாக்ஸ் தொழுகைக்கூடங்களிலோ ஆண்களுக்கும் பெண்களுக்கும் நடுவே இன்றும் தடுப்பு நிற்கிறது. உள்ளே நுழைகிறவர் எந்தப் பக்கம் உட்காருவது?

மிஷ்னாவின் அந்தப் பிள்ளையை மறுபடி நினைத்துக்கொள்கிறேன். பங்கு பிரித்த அன்று அதற்குத் தேவைப்பட்டதும் இந்தச் சொல்தான். மகனோ மகளோ, அது அந்த வீட்டைச் சேர்ந்தது.