தங்கம் தேடி ஜோகன்னஸ்பர்க் போன பூட்டன்... சொந்த ஊரைக் கண்டுபிடிப்பது எப்படி? முழு விவரம்

“எங்க பூட்டன் புதுக்கோட்டைக்காரர். தங்கம் கிடைக்கிற ஊருக்குக் கப்பல் ஏறினாராம். அப்புறம் திரும்பவே இல்லை.”

டர்பனிலோ ஜோகன்னஸ்பர்க்கிலோ இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தில் இந்த ஒரு வரி மட்டும்தான் மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். இதை வைத்துக்கொண்டு ஊரைத் தேடிக் கிளம்பினால் முதல் கேள்வியே இடிக்கும். எந்தப் புதுக்கோட்டை?

ஒன்று, 1948 வரை தனி சமஸ்தானமாக இருந்து 1974ல் மாவட்டமான புதுக்கோட்டை. இன்னொன்று, தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலி போகும் சாலையில், வாகைக்குளம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் புதுக்கோட்டை. தவறான ஊரைப் பிடித்துவிட்டால் வருடக்கணக்கில் தேடினாலும் ஒரு பெயர்கூட பொருந்தாது.

120, 130 வருடங்களுக்கு முன் தங்க வேட்டைக் காலத்தில் போனவர்களின் தடத்தை இன்று பிடிக்க முடியுமா? முடியும். ஆனால் பெயரை மட்டும் வைத்து முடியாது. அப்பா பெயர், ஜில்லா, பதிவு எண் ஆகிய மூன்றும்தான் சாவி.

தங்க வேட்டை என்பது என்ன? தமிழர்கள் எப்படிப் போனார்கள்?

1886ல் தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ராண்ட் மலைத்தொடரில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. அதே வருடம் அங்கே உருவான ஊர்தான் ஜோகன்னஸ்பர்க். உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் குவிந்தார்கள்.

தமிழர்கள் அதற்கு முன்பே பக்கத்து நாட்டில் இருந்தார்கள். அது பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த நட்டால். கரும்புத் தோட்ட வேலைக்காக 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் டர்பனுக்கு வந்து சேர்ந்தது. 1911 வரை இப்படி ஒப்பந்தக் கூலிகளாக நட்டாலுக்குப் போனவர்கள் 1,52,184 பேர். இவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள்.

ஒப்பந்தம் 5 வருடம். அது முடிந்ததும் பலர் நட்டாலிலேயே தங்கினார்கள். ஜோகன்னஸ்பர்க்கில் காசு புரள ஆரம்பித்ததும், அவர்களில் ஒரு பகுதியினர் எல்லை தாண்டி டிரான்ஸ்வாலுக்குள் போனார்கள். சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்த வியாபாரிகளும் இருந்தார்கள்.

சுரங்கத்துக்குள் இறங்கித் தங்கம் வெட்டினார்களா?

பெரும்பாலும் இல்லை. தங்கச் சுரங்க உரிமம் எடுக்க இந்தியர்களுக்கு வழியில்லை. 1885ன் 3வது சட்டம் அவர்களுக்குக் குடியுரிமையை மறுத்தது. ஒதுக்கிய இடத்தில்தான் குடியிருக்க வேண்டும் என்றது. வியாபாரம் செய்ய வருபவர்கள் காசு கட்டிப் பதிவு செய்ய வேண்டும் என்றும் சொன்னது.

அதனால் தமிழர்கள் தங்கத்தைச் சுற்றி முளைத்த தொழில்களைப் பிடித்தார்கள். தலைச்சுமையாகக் காய்கறி, பழம் விற்றார்கள். சலவை, ஹோட்டல் வேலை, சின்னக் கடை என்று பிழைத்தார்கள்.

தேடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ‘தங்கம் வெட்டப் போனார்’ என்று வீட்டில் சொன்னாலும், சுரங்க நிறுவனங்களின் ஆள் பட்டியலில் தேடினால் பெயர் கிடைக்க வாய்ப்பு குறைவு. உரிமம், பதிவுச் சான்று, வரி, சொத்து ஆவணங்களில்தான் தேட வேண்டும்.

இன்னொரு சந்தேகத்தையும் முதலிலேயே தீர்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் சொல்லும் ‘தங்க வயல்’ ஆப்பிரிக்காவே இல்லாமல் கோலாராகவும் இருக்கலாம். 1880ல் ஜான் டெய்லர் நிறுவனம் வேலை தொடங்கிய கோலார் தங்க வயலுக்கும் ஆயிரக்கணக்கான தமிழர்கள் போனார்கள். கதையில் கப்பல் வருகிறதா, ரயில் வருகிறதா என்று பெரியவர்களிடம் கேட்டாலே பாதி தெளிந்துவிடும்.

முதல் ஆவணம்: கப்பல் பட்டியல்

நட்டாலுக்குப் போன ஒவ்வொரு ஒப்பந்தத் தொழிலாளிக்கும் ஒரு காலனி எண் கொடுக்கப்பட்டது. கப்பல் பட்டியலில் அந்த எண்ணுக்கு நேரே இருக்கும் விவரங்கள்:

• பெயர், அப்பா பெயர்
• வயது, ஆணா பெண்ணா
• சாதி
• ஜில்லா, தாலுகா, கிராமம்
• உடலில் உள்ள அடையாளம்
• கப்பல் பெயர், வந்த தேதி

மூலப் பதிவுகள் டர்பனில் உள்ள அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பட்டியல்களைக் கணினியில் ஏற்றி, இணையத்தில் தேடும்படி செய்த வேலையில் குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்துக்கு முக்கியப் பங்கு உண்டு.

காலனி எண் எப்படித் தெரியும்? பழைய கல்யாணச் சான்று, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, ஒப்பந்தம் முடிந்த சான்று போன்றவற்றில் அந்த எண் எழுதப்பட்டிருக்கும். வீட்டு டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய காகிதம் எதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

பெயர் பொருந்தலையே... ஏன்?

காதில் விழுந்ததை வெள்ளைக்கார அதிகாரி எழுதிய பெயர்கள் இவை. முனுசாமியும் முனியசாமியும் ‘மூன்சாமி’ ஆனார்கள். முதலியார் ‘மூட்லி’ ஆனார். பிள்ளை ‘பில்லே’ ஆனார். தென்னாப்பிரிக்காவில் பரவலாக இருக்கும் ‘கோவெண்டர்’, கவுண்டர் என்பதிலிருந்து வந்ததாகச் சொல்லப்படுகிறது.

இன்னொரு சிக்கல், நம்ம ஊரில் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர்தான் இனிஷியல். அங்கே பதியும்போது அந்த அப்பா பெயரே பல இடங்களில் குடும்பப் பெயராக நின்றுவிட்டது. ஒரே வீட்டு அண்ணன் தம்பி வேறு வேறு குடும்பப் பெயரில் பதிவானதும் உண்டு.

ஊர்ப் பெயரும் அப்படித்தான். தூத்துக்குடி ‘டூட்டிகோரின்’ என்றும், திருநெல்வேலி ‘டின்னவெல்லி’ என்றும் இருக்கும். தூத்துக்குடி மாவட்டம் 1986 அக்டோபர் 20 அன்றுதான் தனியாகப் பிரிந்தது. அதற்கு முந்தைய ஆவணங்களில் இந்தப் பகுதி முழுக்கத் திருநெல்வேலி ஜில்லா.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். பட்டியலில் கிராமம் ‘புதுக்கோட்டை’ என்று இருந்தால், ஜில்லா கட்டத்தைப் பாருங்கள். அங்கே ‘டின்னவெல்லி’ என்று இருந்து, தாலுகா ஒட்டப்பிடாரம் அல்லது ஸ்ரீவைகுண்டம் என்று வந்தால் தேட வேண்டியது தூத்துக்குடிப் பக்கம். ‘டிரிச்சினோபோலி’ என்றோ சமஸ்தானம் என்றோ இருந்தால் அந்தப் புதுக்கோட்டை. அந்த ஒரு கட்டத்தைப் பார்க்காமல் ரயில் ஏறக் கூடாது.

இரண்டாவது பயணம்: டர்பனில் இருந்து ஜோகன்னஸ்பர்க்

கப்பல் பட்டியல் டர்பன் துறைமுகத்தோடு நின்றுவிடும். தங்க நகரத்துக்குப் போனது அதில் வராது. அதற்கு வேறு ஆவணங்கள் இருக்கின்றன.

1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரின்போது இந்தியர்கள் பெரும்பாலும் டிரான்ஸ்வாலை விட்டு வெளியேறினார்கள். போர் முடிந்து திரும்பி வர அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. பிறகு 1907ல் ஆசியர் பதிவுச் சட்டம் வந்தது. கைரேகை வைத்துச் சான்று வாங்க வேண்டும் என்றது. 1908 ஆகஸ்ட் 16 அன்று ஜோகன்னஸ்பர்க் ஹமீதியா மசூதி முன்பு காந்தி தலைமையில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட சான்றுகள் கொளுத்தப்பட்டன. உங்கள் முன்னோரின் சான்று வீட்டில் இல்லாததற்கு அந்த நெருப்பும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அரசிடம் கோப்பு இருக்கும். டிரான்ஸ்வால் அரசின் பழைய கோப்புகள் பிரிட்டோரியாவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன.

இதில் அதிகம் கை கொடுப்பது இறந்தவரின் சொத்துக் கோப்பு. ஒருவர் இறந்ததும் தாக்கலாகும் இறப்பு அறிவிப்பில் பிறந்த ஊர், பெற்றோர் பெயர், மனைவி, பிள்ளைகள் பெயர் எல்லாம் கேட்கப்பட்டிருக்கும். டிரான்ஸ்வாலின் 1869 முதல் 1958 வரையிலான இத்தகைய கோப்புகளின் படங்கள் ‘ஃபேமிலிசர்ச்’ என்ற இலவச இணையதளத்தில் கிடைக்கின்றன.

ஒருவர் இரண்டு முறை நாடு மாறியிருக்கவும் கூடும். காந்தியோடு சிறை சென்ற தம்பி நாயுடு மொரீஷியஸில் பிறந்தவர். 1889ல் டிரான்ஸ்வாலுக்கு வந்தார். இப்படிப்பட்ட குடும்பத்தின் சொந்த ஊர் நட்டால் பட்டியலில் இருக்காது. மொரீஷியஸின் மோகா நகரில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில்தான் தேட வேண்டும். அங்கே பழைய குடியேறிகளின் புகைப்படங்களே இருக்கின்றன.

தூத்துக்குடியில் கப்பல் ஏறினார் என்றால்?

இங்கே கொஞ்சம் நிதானம் தேவை. ஆப்பிரிக்காவுக்கான ஒப்பந்தக் கப்பல்கள் சென்னையிலிருந்து புறப்பட்டன. தூத்துக்குடியில் கப்பல் ஏறியவர்களில் பெரும்பாலோர் போனது கொழும்புக்கு. முதலில் காப்பி. 1869ல் காப்பிச் செடியில் இலைத்துரு நோய் வந்த பிறகு தேயிலை. இலங்கைக்கும் அது ஒரு வேட்டைக் காலம்தான். தங்கத்துக்குப் பதில் தோட்டம்.

தூத்துக்குடிப் புதுக்கோட்டைக்கு அருகே உள்ள தட்டப்பாறையில், இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களுக்கான முகாம் இருந்தது. அங்கே மருத்துவப் பரிசோதனை முடித்துதான் கப்பலுக்கு அனுப்பினார்கள். 1914ல் தனுஷ்கோடி - தலைமன்னார் பாதை திறந்த பிறகு மண்டபம் முகாமின் கை ஓங்கியது.

இலங்கைக்குப் போனவர்கள் கங்காணி மூலம் போனவர்கள். ஆகவே நட்டால் போல ஒவ்வொருவருக்கும் விரிவான கப்பல் பட்டியலை எதிர்பார்க்க முடியாது. தோட்டத்து செக்ரோல், அங்கே பதிவான பிறப்பு, இறப்புச் சான்றுகள், 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு திரும்பியவர்களின் பாஸ்போர்ட், குடும்ப அட்டை ஆகியவைதான் வழி.

ஊர்ப்பக்கம் எங்கே தேடுறது?

• குலதெய்வம்: திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் பங்குனி உத்திரத்துக்கு அவரவர் குடும்பச் சாஸ்தா கோயிலுக்குப் போவது வழக்கம். எங்கே பிழைக்கப் போனாலும் வரி கொடுத்து வரும் குடும்பங்கள் எவை என்று கோயில் வரிதாரர்களுக்குத் தெரியும். வெளிநாட்டுக் குடும்பத்துக்கு ஊர்ப் பெயர் மறந்துபோய் சாமி பெயர் மட்டும் நினைவிருந்தால், அதுவும் ஒரு முகவரிதான்.

• மாதா கோயில் பதிவேடு: முத்துக்குளித்துறை ஊர்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றுக்கும் பங்குத்தந்தை அலுவலகத்தில் பதிவேடு உண்டு. தென் திருநெல்வேலி சபைகளிலும் அப்படியே. பெற்றோர் பெயரும் சேர்ந்து இருப்பதால் ஒரு தலைமுறை மேலே ஏறலாம்.

• நில ஆவணம்: பழைய செட்டில்மென்ட் பதிவேடு, கூட்டுப் பட்டா, பத்திரப் பதிவு. காணாமல் போனவரின் பெயர் பட்டாவில் அப்படியே நிற்பது உண்டு. இணைய வில்லங்கச் சான்று பழைய காலத்துக்கு உதவாது. சார்பதிவாளர் அலுவலகத்தில் நேரில் தேடக் கேட்க வேண்டும்.

• தமிழ்நாடு ஆவணக் காப்பகம்: சென்னை எழும்பூரில் உள்ளது. சென்னை மாகாண அரசின் குடிபெயர்வு தொடர்பான கோப்புகள் இங்கே கிடைக்கும்.

கண்டுபிடித்தால் என்ன கிடைக்கும்?

உறவு கிடைக்கும். சிலருக்கு ஓசிஐ அட்டையும் கிடைக்கலாம். 1950 ஜனவரி 26 அன்று இந்தியக் குடிமகன் ஆகத் தகுதி பெற்றிருந்தவரின் பிள்ளை, பேரப்பிள்ளை, கொள்ளுப்பேரப்பிள்ளை வரை விண்ணப்பிக்கலாம். தானோ, பெற்றோரோ, தாத்தா பாட்டியோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருந்தால் அந்தத் தகுதி உண்டு. ஆகவே 1890ல் கப்பல் ஏறியவரின் வழிவந்தவர்களுக்கும் கதவு முழுசாக மூடவில்லை. ஆனால் ஒவ்வொரு தலைமுறைக்கும் பிறப்பு, திருமணச் சான்று வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனால் விண்ணப்பம் நின்றுவிடும்.

நிலத்தில் பங்கு? பெயர் பொருந்தியதாலேயே அது வந்துவிடாது. வாரிசு உரிமையும் அனுபவமும் நீதிமன்றத்தில் நிரூபிக்கப்பட வேண்டும். ஊருக்குள் நுழைந்ததும் பட்டா பற்றிப் பேச ஆரம்பித்தால், பேச வந்த சொந்தமும் கதவைச் சாத்திக்கொள்ளும். முதலில் குடும்ப மரம், பிறகு மற்றதெல்லாம். ‘உறுதியாகக் கண்டுபிடித்துத் தருகிறோம்’ என்று முன்பணம் கேட்பவர்களிடம், எந்த ஆவணக் காப்பகத்தின் எந்தக் கோப்பு என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் பணம் கொடுக்காதீர்கள்.

ஒரு ஊர்ப் பெயரின் வலிமை

தில்லையாடி வள்ளியம்மை 1898ல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்தவர். அப்பா முனுசாமி அந்தத் தங்க நகரத்தில் வியாபாரம் செய்தவர். சத்தியாகிரகத்தில் சிறை சென்று, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று 16 வயதில் இறந்தார். அவர் உடல் ஜோகன்னஸ்பர்க்கின் பிராம்ஃபோன்டைன் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. ஆனால் மறுவருடமே காந்தி மயிலாடுதுறைப் பக்கம் இருக்கும் தில்லையாடிக்கு வந்தார். குடும்பம் தன் ஊர்ப் பெயரை மறக்காமல் வைத்திருந்ததால் அது முடிந்தது.

அதே கப்பல்களில் போன பல்லாயிரம் பேருக்கு அந்த ஒட்டு இல்லாமல் போய்விட்டது. உங்கள் வீட்டில் இன்னும் ஒரு பாட்டியோ பெரியப்பாவோ இருந்தால், இன்றைக்கே போனை எடுத்துப் பதிவு செய்யுங்கள். அப்பா பெயர் என்ன, எந்த ஊர், எந்தச் சாமி. காப்பகத்தில் கோப்பு காத்திருக்கும். அவர்கள் காத்திருக்க மாட்டார்கள்.