விதையில்லாக் கிழங்குகளின் வரலாறு: இஞ்சி, மஞ்சள், மனைத்தோட்டம்

இந்திய நறுமணப் பொருள்களின் வரலாறு பெரிதும் துறைமுகங்களின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. மிளகைப் பொறுத்தவரை இப்பார்வை ஓரளவு போதுமானது. இஞ்சிக்கும் மஞ்சளுக்கும் போதாது. அதற்கான காரணம் தாவரவியலில் உள்ளது. பயிரிடப்படும் இஞ்சி விதை கட்டுவதில்லை. மஞ்சள் மும்மடியக் குரோமோசோம்களைக் கொண்டிருப்பதால் அதிலும் விதை மிக அரிது. பறவையோ காற்றோ நீரோ இவற்றைத் தொலைவுக்குக் கொண்டுசெல்வதில்லை. ஒவ்வோர் ஆண்டும் யாரேனும் ஒரு துண்டுக் கிழங்கை எடுத்துவைத்து மீண்டும் ஊன்றியதனாலேயே இவை இன்றுவரை நிலைத்துள்ளன. அடுப்படிக்குச் செல்லும் கிழங்கும் மண்ணுக்குத் திரும்பும் கிழங்கும் ஒன்றே. ஆகவே இவற்றின் வரலாற்றில் மனையும் ஓர் ஆவணக்களம்.

இவ்விரு பயிர்களின் வாழ்க்கை பருவமழையின் தாளத்தோடு பிணைந்தது. கோடைமழையில் ஊன்றப்படும் கிழங்கு, வெப்பமும் ஈரமும் மிதநிழலும் நீர் தேங்காத மண்ணும் கிடைத்தால் ஏறக்குறைய எட்டு மாதங்களில் முற்றுகிறது. பின்னர்த் தழை மஞ்சளித்துச் சாய, கிழங்கு உறக்கநிலைக்குச் செல்கிறது. வறண்ட மாதங்களைக் கடப்பதற்கான இவ்வுறக்கமே நெடும்பயணத்திற்கும் துணைநின்றது. உறங்கும் கிழங்கு மூட்டையில் பயணம் செய்து, வேற்றுமண்ணில் வெப்பமும் ஈரமும் பெற்றபோது மீண்டும் முளைத்தது.

அரியானாவின் பர்மாணாவில் கிடைத்த ஹரப்பா காலச் சமையற்கலத்தின் படிவுகளில் இஞ்சி, மஞ்சள் ஆகியவற்றின் மாவுத்துகள்களை அருணிமா காஷ்யப், ஸ்டீவ் வெபர் ஆகியோர் இனங்கண்டனர். இக்கிழங்குகள் இயல்பாக வளரும் மழைவளப் பகுதி அன்று அது. வணிகத்தில் வந்த உலர்கிழங்கோ, நீர்பாய்ச்சி வளர்த்த பயிரோ, எதுவாயினும் அதன் பின்னே மனித முயற்சி இருந்தது. ரோமில் இஞ்சியின் விலை ராத்தலுக்கு 6 தெனாரியஸ் எனக் குறித்த மூத்த பிளினி, அது அரேபியாவிலும் செங்கடலின் ஆப்பிரிக்கக் கரைப்பகுதியிலும் பண்ணைகளில் விளைவதாக எழுதினார். 14ஆம் நூற்றாண்டில் கோழிக்கோட்டில் சீனக் கப்பல்களைக் கண்ட இபின் பதூதா, மாலுமிகள் மரத்தொட்டிகளில் கீரையும் காய்களும் இஞ்சியும் வளர்த்ததைப் பதிவுசெய்துள்ளார். மனைத்தோட்டம் கடலிலும் மிதந்தது.

இந்த எளிமையே முற்றுரிமையை முறியடித்தது. நியூ ஸ்பெயின் ஆளுநரின் மகன் பிரான்சிஸ்கோ தே மெண்டோசா அங்கு ஊன்றிய கீழைநாட்டு நறுமணப் பயிர்களுள் இஞ்சியே நிலைத்தது என்று செவில் நகர மருத்துவர் மொனார்தெஸ் எழுதினார். 16ஆம் நூற்றாண்டிலேயே கரீபியத் தீவுகளின் இஞ்சி ஸ்பெயினுக்கு ஏற்றுமதியாயிற்று. மிளகுக்காகக் கோட்டைகளைக் கட்டிய பேரரசுகளால் ஒரு துண்டு இஞ்சியைத் தடுத்துவைக்க இயலவில்லை.

இந்தியாவுக்குள்ளும் தட்பவெப்பம் மாறுந்தோறும் வளர்ப்புமுறை மாறியது. கேரளத்தில் கனமழையின் தாக்குதலிலிருந்து பாத்தியைக் காக்கப் பச்சிலை மூடாக்கு இடுகின்றனர். விதைக்கிழங்கைக் குழியில் இட்டுப் பாணல் இலைகளை அடுக்கிப் பாதுகாக்கும் வழக்கமும் உண்டு. சிக்கிம் மலைச்சரிவுகளில் பயிர் சில இலை விட்டதும் தாய்க்கிழங்கை மட்டும் பக்குவமாகப் பிரித்தெடுத்து விற்கின்றனர். அதனை ‘மாவ்’ என்பர். ஊன்றிய முதல் அவ்வாறே கைக்குத் திரும்ப, பயிர் மண்ணில் தொடர்ந்து வளர்கிறது. இத்தகைய நுட்பங்கள் தலைமுறைகளின் சோதனையில் உருவானவை.

எழுதப்படாத அறிவுக்கு நேரும் இடரை 1995ஆம் ஆண்டு உணர்த்தியது. மஞ்சளால் புண்ணாற்றும் முறைக்கு அமெரிக்காவில் காப்புரிமை வழங்கப்பட்டது. இந்திய அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் எதிர்த்து வாதாட, 1997இல் அது நீக்கப்பட்டது. ஆனால் வழக்கை வென்றது கோடிக்கணக்கான வீடுகளின் நடைமுறையன்று. அன்றைய அமெரிக்கச் சட்டம் வெளிநாட்டு வழக்காற்றைச் சான்றாக ஏற்கவில்லை. அச்சேறிய நூல்களும் 1953ஆம் ஆண்டின் இந்திய மருத்துவ இதழ்க் கட்டுரையுமே துணைநின்றன. ஏடேறாத வேறொரு வழக்கம் அவ்விடத்தில் தோற்றிருக்கக்கூடும்.

இழப்பு சட்டத்தால் மட்டும் நேர்வதன்று. விதையின்றிப் பெருகும் பயிரில் ஒரே மரபமைப்பே படியெடுக்கப்படுவதால், கிழங்கழுகல் போன்ற நோய்கள் பரவும்போது முழு வயலும் ஒருசேர வீழும் ஆபத்து மிகுதி. சந்தை சில இரகங்களையே விரும்பும் காலத்தில் வட்டார இரகங்களைக் காத்துவருபவை சிறு தோட்டங்கள். ஓராண்டு ஊன்றாமல் விட்டால் அவ்விரகம் அத்துடன் முடிந்துபோகும். மண்ணுக்குள் மீண்டும் முளைக்கக் காத்திருக்கும் விதை என ஒன்றும் இல்லை. துறைமுகக் கணக்கேடுகளைப் படிக்கும் அதே கவனத்துடன் விதைக்கிழங்கைக் காப்போரின் வாய்மொழியையும் பதிவுசெய்வது வரலாற்றுத்துறையின் உடனடிக் கடமை.