பழியும் பழியும்
(சின்னத்திரை மகாபாரதம் குறித்த சில வரலாற்று எண்ணங்கள்)

தமிழில் 'பழி' என்னும் சொல் இருபுறமும் கூர்கொண்டது. தீங்குக்கு எதிராகச் செய்யப்படும் தீங்கு பழி. அத்தீங்கினால் செய்தவனை வந்து சேரும் குற்றமும் பழி. பழிவாங்கப் புறப்பட்டவன் பழி சுமந்தே திரும்புகிறான் என்பதை நம் மொழி ஒரே சொல்லுக்குள் அடக்கி வைத்திருக்கிறது. இச்சொல்லின் இரு பொருளையும் நான் முதன்முதலாக உணர்ந்தது வகுப்பறையிலன்று. ஒரு தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால்தான்.

1990ஆம் ஆண்டுக் கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு அப்போது பத்து வயது. தெருவில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்த ஒரே வீட்டின் கூடத்தில் நாங்கள் நெருக்கியடித்து அமர்ந்திருந்தோம். வீமனின் கதை துரியோதனனின் தொடையில் இறங்கியது. பிள்ளைகளாகிய நாங்கள் கைதட்டினோம். என் அருகிலிருந்த ஆயா மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். செஞ்சிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்தவர். இந்தி ஒரு சொல்லும் அறியாதவர். "கெட்டவன்தானே ஆயா செத்தான், ஏன் அழுவுற?" என்று கேட்டேன். "அடிச்சது நாயந்தான். ஆனா இடுப்புக்குக் கீழ அடிச்சிட்டானே. அவனும் ஒரு தாய் பெத்த புள்ளதான?" என்றார். அவருடைய அந்த இரண்டு வாக்கியங்களுக்கு உரை எழுதும் முயற்சியே இக்கட்டுரை.

தொடரின் வரலாறு

பி. ஆர். சோப்ரா தயாரித்து, அவருடைய மைந்தர் ரவி சோப்ரா இயக்கிய மகாபாரதம் 1988 அக்டோபர் 2 முதல் 1990 சூன் 24 வரை தூர்தர்ஷனில் ஞாயிறுதோறும் காலையில் ஒளிபரப்பாயிற்று. மொத்தம் 94 பகுதிகள். இதற்குச் சற்று முன்னர், 1987 சனவரியில் தொடங்கி 1988 சூலையில் நிறைவுற்ற இராமானந்த சாகரின் இராமாயணம் மக்களைப் பெட்டியின் முன் அமரப் பழக்கியிருந்தது. எனினும் இரண்டிற்கும் அடிப்படையான வேறுபாடு ஒன்றுண்டு. இராமாயணத்தில் எவர் பக்கம் நிற்பது என்னும் ஐயம் பார்வையாளருக்கு மிகுதியாக எழுவதில்லை. பாரதத்தில் அந்த ஐயமே கதை.

இத்தொடருக்கு உரையாடல் எழுதியவர் ராஹி மாசூம் ரஜா. 1966இல் வெளிவந்த 'ஆதா காவ்ன்' என்னும் இந்திப் புதினத்தின் ஆசிரியர். தேசப் பிரிவினையின் நிழல் தம் சொந்தக் கிராமத்தின் மீது விழுந்த விதத்தை அந்நூலில் எழுதியவர் அவர். ஒரே மண்ணில் பிறந்தோர் பகைவராகும் துயரத்தை அறிந்த ஒரு கை இப்பங்காளிப் போரின் வசனங்களை எழுதியது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

சங்கிலியின் முதற்கண்ணி எது?

பாரதத்தைப் பழிவாங்கும் கதை என்று சொல்வது எளிது. பாஞ்சாலி சபையில் அவமதிக்கப்பட்டாள், சூளுரை எழுந்தது, பதின்மூன்றாண்டு கழித்துப் பழி முடிந்தது. ஆனால் கதை அங்கே தொடங்கவில்லை. பழைய நட்பை நாடி வந்த துரோணரைத் துருபதன் இகழ்ந்தான். துரோணர் தம் மாணாக்கரை ஏவித் துருபதனைக் கட்டி இழுத்துவரச் செய்து, அவன் நாட்டில் பாதியைப் பறித்தார். துருபதன் துரோணரைக் கொல்ல ஒரு மகனை வேண்டி வேள்வி செய்தான். அவ்வேள்வியில் தோன்றியவன் திட்டத்துய்மன். அதே வேள்வியில் தோன்றியவள் பாஞ்சாலி. குருட்சேத்திரத்தில் திட்டத்துய்மன் துரோணரின் தலையைக் கொய்தான். துரோணரின் மகன் அசுவத்தாமன் நள்ளிரவில் பாசறை புகுந்து, திட்டத்துய்மனையும் உறங்கிக்கொண்டிருந்த பாஞ்சாலியின் ஐந்து புதல்வரையும் கொன்றான்.

இச்சங்கிலியில் ஒவ்வொருவனும் தனக்கு முன்னவனைக் காட்டித் தன் செயலை நியாயப்படுத்த முடியும். 'அவன் செய்தான், ஆகவே நானும் செய்தேன்' என்னும் வாக்கியத்திற்கு முடிவில்லை. பழியின் நெருப்பில் பிறந்த பாஞ்சாலியே அந்நெருப்பிற்குத் தன் பிள்ளைகளைப் பறிகொடுத்தாள். அறத்தின் பக்கம் நின்றவர்களின் கைகளும் தூய்மையாக இல்லை. வீடுமர் சிகண்டியை முன்னிறுத்தி வீழ்த்தப்பட்டார். தேர்ச்சக்கரத்தைத் தூக்க முயன்றுகொண்டிருந்த வேளையில் கர்ணன் மாண்டான். தருமன் துரோணரிடம் பாதி மெய் உரைத்தான். அதுவரை நிலந்தொடாமல் சென்ற அவனுடைய தேர் அக்கணமே மண்ணில் இறங்கிற்று என்கிறது வியாசரின் நூல். குற்றவுணர்வுக்கு இதனினும் சுருக்கமான உருவகம் நான் அறிந்த இலக்கியங்களில் இல்லை. எவரும் தருமனைக் குற்றஞ்சாட்டவில்லை. தேர் மட்டும் தாழ்ந்தது.

கேட்பவன் யார்?

தொடரை நினைவுகூரும் எவரும் அதன் கதைசொல்லியை மறந்திரார். அண்டவெளியின் பின்னணியில் 'நான் காலம்' என்று தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் அக்குரல் ஹரீஷ் பீமானியுடையது. முனிவருமல்லாத, பகவானுமல்லாத ஒரு குரல் கதையை நடத்திச் சென்றது புதுமைதான். யார் பக்கமும் சாயாத சாட்சியாகக் காலத்தை நிறுத்தியதால் துரியோதனனுக்கும் ஓரளவு நீதி கிடைத்தது.

ஆயினும் அப்புதுமைக்கு ஒரு விலையுமுண்டு. வியாச பாரதத்தில் இக்கதையை வைசம்பாயனர் சொல்லக் கேட்பவன் சனமேசயன். கேட்கும் இடம் சர்ப்ப யாகசாலை. தன் தந்தை பரீட்சித்துவைத் தீண்டிய தட்சகனைப் பழிவாங்க நாகர்குலம் முழுவதையும் நெருப்பிலிட முற்பட்டவன் அவன். ஆத்திகர் என்னும் இளைஞர் இடைபுகுந்து வேண்ட, அந்த யாகம் முற்றுப்பெறாமல் நின்றது; தட்சகன் பிழைத்தான். ஆக, பழிவாங்கும் கதைகளிலெல்லாம் பெரிய கதை, பழிவாங்கிக்கொண்டிருந்த ஒருவனின் செவியில் சொல்லப்பட்டது. அவனுக்குக் கதை பொழுதுபோக்கன்று. எரிகிற குண்டத்திற்கு அருகில் நீட்டப்பட்ட கண்ணாடி.

காலத்தைக் கதைசொல்லியாக்கியபோது சனமேசயன் மறைந்தான். கதையைக் கேட்பவன் கையிலும் நெய்க்கரண்டி இருக்கிறது என்னும் குறிப்பும் அவனோடு மங்கிற்று. 'எல்லாம் காலம் செய்த கோலம்' என்று சொல்லி நாம் அன்றாட வாழ்வில் எத்தனை குற்றங்களிலிருந்து நழுவியிருக்கிறோம்! சின்னத்திரை தந்த சாட்சி நடுநிலையான சாட்சிதான். ஆனால் குற்றவுணர்வு பிறப்பது நடுநிலையில் அன்று.

எங்கே நிறுத்துவது?

பழிவாங்கும் கதையின் அறம், அது எங்கே நிறுத்தப்படுகிறது என்பதைப் பொறுத்தது. நம் மொழியில் பாரதம் கண்ட வடிவங்களே இதற்குச் சான்று. பாரதியார் பாஞ்சாலி சபதத்தைச் சூளுரையோடு நிறுத்தினார். 1912இல் அதன் முதற்பாகம் வெளிவந்தபோது நாடு அடிமைப்பட்டுக் கிடந்தது. அவருக்குத் தேவைப்பட்டது கனல், சாம்பலன்று. வில்லிபுத்தூரார் பதினெட்டுப் பருவக் கதையைப் பத்துப் பருவங்களில் பாடிச் சௌப்திகத்தோடு முடித்தார். கணவரையும் மைந்தரையும் இழந்த மகளிர் களத்தில் புலம்பும் பருவமும், தருமன் அரசே வேண்டாவென வெதும்பும் பருவமும் அவர் நூலில் விரிவு பெறவில்லை. எஞ்சியவற்றையும் சேர்த்துப் பாரதத்தை நிறைவாக்கப் பிற்காலத்தில் நல்லாப்பிள்ளை வரவேண்டியிருந்தது.

ஏட்டில் விடுபட்ட அப்புலம்பலுக்குத் தொண்டை நாட்டுச் சிற்றூர்கள் மண்ணில் இடம் கொடுத்தன. திரௌபதியம்மன் திருவிழாவில், பதினெட்டாம் போர் முடிந்த காலையில், ஊர்ப்பொது நிலத்தில் துரியோதனன் பேருருவாக மண்ணால் கிடத்தப்படுகிறான். கூத்துக் கட்டியவர்கள் சுற்றிவந்து போர் புரிகிறார்கள். வீமன் தொடையைப் பிளக்கிறான். பாஞ்சாலி குருதி தோய்த்துக் கூந்தல் முடிக்கிறாள். பழி முடிந்தது. ஆனால் விழா முடிவதில்லை. வீழ்ந்தவனுக்காக அங்கே ஒப்பாரி எழுகிறது. அதன் பின்னரே மாலையில் ஊரார் தீமிதிக்கிறார்கள். பாஞ்சாலியைத் தெய்வமாகத் தொழும் ஊர், அவளுடைய பகைவனுக்காக அழுதுவிட்டே நெருப்பில் இறங்குகிறது. என் ஆயா தொலைக்காட்சியின் முன் சிந்திய கண்ணீர் அப்படுகளத்திலிருந்து வந்தது. இந்தி புரியாமலே அவர் தொடரை எங்களைவிட நன்றாகப் புரிந்துகொண்டமைக்கு இதுவே காரணம்.

தூர்தர்ஷன் தொடர் வெற்றியோடு நின்றுவிடவில்லை என்பதைப் பாராட்டவேண்டும். தருமன் முடிசூடிய பின்னும் அம்புப் படுக்கையருகே சென்று, வீடுமரின் மறைவோடு அது நிறைவுற்றது. ஆனால் வியாசர் இன்னும் நடக்கிறார். வானுலகம் புகுந்த தருமன் அங்கே துரியோதனன் சீரோடு வீற்றிருக்கக் காண்கிறான். தன் தம்பியரையும் பாஞ்சாலியையும் நரகில் கேட்கிறான். அந்தச் சிறுபொழுது நரகம் தருமனுக்கு வாய்த்தது ஏன்? துரோணரிடம் உரைத்த அந்தப் பாதி மெய்க்காக. தேர் தாழ்ந்த கணத்தில் எழுதப்பட்ட கணக்கு கடைசிப் பருவத்தில் தீர்க்கப்படுகிறது. பதினெட்டு நாள் போரில் வென்றவனுக்கும் விலக்கில்லை. அக்காட்சி வரை சென்றிருந்தால், அன்று கைதட்டிய பிள்ளைகள் தம் கைகளைச் சற்றே பார்த்துக்கொண்டிருப்போம்.

2020இல் ஊரடங்கின்போது அத்தொடர் மீண்டும் ஒளிபரப்பானது. என் வீட்டில், என் பக்கத்தில் ஆயா இல்லை. துரியோதனன் வீழ்ந்தபோது என் மகள் கைதட்டினாள். நான் அழவில்லை, ஆனால் கைதட்டவும் முடியவில்லை. "ஏம்மா?" என்று கேட்டாள். ஆயாவின் விடையையே சொன்னேன். அதற்கு மேல் சொல்ல முனைவர் பட்டமும் எனக்கு உதவவில்லை.

நம் இலக்கிய வட்டத்தின் கவிஞர்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்தப் பத்தாண்டுகளில் நம் அரங்கில் சினம் மிக்க கவிதைகள் பல படிக்கப்பட்டன. அவை பிறந்த காயங்கள் மெய்யானவை. அவற்றின் நியாயத்தை நான் மறுக்கவில்லை. சூளுரை பாடுவது கவிஞனின் உரிமை. படுகளத்தில் பகைவனருகே அமர்ந்து ஒப்பாரி வைப்பதும் அவன் கடமையே. கூந்தல் முடிந்த பின்னும் சிறிது நேரம் அங்கேயே நில்லுங்கள். வெற்றி முரசு ஓய்ந்த பிறகு கேட்கும் அழுகை யாருடையது என்று செவிகொடுங்கள். 'பழி' என்னும் சொல்லின் மறுபொருள் அப்போதுதான் கேட்கும்.