நலிந்த இதயமும் உடற்பயிற்சியும்

இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு மருத்துவக் கண்காணிப்பில் அளந்து தரப்படும் உடற்பயிற்சி, இதய மறுவாழ்வுச் சிகிச்சையின் உயிர்நாடி. இடது கீழறையில் நிறையும் இரத்தத்தில் எத்தனை விழுக்காடு ஒவ்வொரு துடிப்பிலும் வெளியே தள்ளப்படுகிறது என்பதை எக்கோ பரிசோதனை சொல்லும். நலமான இதயத்தில் அது பெரும்பாலும் 55க்கு மேல் இருக்கும்; 40 அல்லது அதற்கும் கீழே இறங்கினால் பம்பிங் திறன் குறைந்திருக்கிறது என்று பொருள். அந்த எண்ணைக் கேட்ட குடும்பத்தார், நோயாளியை எழவிடாமல் பார்த்துக்கொள்வதே பாதுகாப்பு என்று கருதுவது இயல்பு. ஆனால் ஓய்வும் மருந்தைப் போன்றது. அளவு மிஞ்சினால் அதுவே கெடுதி செய்யும்.

ஓய்வே பாதுகாப்பு என்றுதான் மருத்துவமும் ஒருகாலத்தில் நம்பியது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மாரடைப்பு வந்தவர்களை வாரக்கணக்கில் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். 1952இல் பாஸ்டன் மருத்துவர்கள் சாமுவேல் லெவினும் பெர்னார்ட் லௌனும் நோயாளிகளை நாற்காலியில் உட்கார வைக்கலாம் என்று எழுதியதே அன்று துணிச்சலான கருத்து. பின்னர் டாலஸ் நகரில் நடந்து 1968இல் வெளியான ஆய்வில், நலமான 5 இளைஞர்கள் 3 வாரம் படுத்தே கிடந்தார்கள். உச்ச உழைப்பின்போது உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் அவர்களிடம் நான்கில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. நல்ல உடலுக்கே இந்தக் கதி என்றால், நலிந்தவர் நிலை சொல்லத் தேவையில்லை. இதயச் செயலிழப்பில் களைப்புக்கும் மூச்சிரைப்புக்கும் இதயம் மட்டுமே காரணமன்று. கால் தசைகள் மெலிகின்றன, இரத்தக் குழாய்கள் விரியும் தன்மையை இழக்கின்றன. ஒரே பம்பிங் அளவுள்ள இருவரில் ஒருவர் மாடி ஏறுவதும் மற்றவர் வாசல்வரை நடக்கவே திணறுவதும் இதனால்தான். பயிற்சி முதலில் சீராக்குவது இந்தத் தசைகளையும் குழாய்களையும்தான்.

பயிற்சியின் பயனையும் பாதுகாப்பையும் பெரிய அளவில் சோதித்தது, 2009இல் வெளியான எச்.எஃப்.-ஆக்ஷன் ஆய்வு. பம்பிங் அளவு 35 விழுக்காடோ அதற்குக் குறைவோ உள்ள 2,331 பேர் அதில் பங்கேற்றார்கள். பயிற்சிக் குழுவினர் 36 அமர்வுகள் கண்காணிப்பில் பழகி, பிறகு வீட்டில் தொடர்ந்தார்கள். இறப்பு அல்லது மருத்துவமனைச் சேர்க்கை பயிற்சி பெற்றோரில் 65 விழுக்காடு, மற்றோரில் 68 விழுக்காடு. இவ்வளவு சிறிய வேறுபாட்டுக்கா இத்தனை பாடு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. முதற்கணக்கில் அது உறுதிப்படவில்லை. நோயின் கடுமையைக் கணக்கில் கொண்டு திருத்திய பிறகே மிதமான பயன் தெரிந்தது. பங்கேற்றோரில் பலர் குறித்த அளவுக்குப் பயிற்சி செய்யவில்லை என்பதையும் மறக்கலாகாது. பயிற்சி பாதுகாப்பானதா என்ற கேள்விக்கு முக்கியமானது வேறொரு முடிவு: இவ்வளவு நலிந்த இதயங்களிலும் பயிற்சி ஒட்டுமொத்த ஆபத்தைக் கூட்டவில்லை, வாழ்க்கைத் தரம் சிறிதளவேனும் உயர்ந்தது.

ஆனால் அந்தப் பாதுகாப்பு தானாக வந்ததன்று. மூச்சுத் திணறல் முற்றியிருக்கும்போதும், நெஞ்சுவலியோ துடிப்புக் கோளாறோ கட்டுப்படாதபோதும், பெருந்தமனி வால்வு கடுமையாகச் சுருங்கியிருந்தாலும், காய்ச்சல் இருந்தாலும் பயிற்சி கூடாது. தொடங்குமுன் டிரெட்மில் சோதனையோ 6 நிமிட நடைச் சோதனையோ செய்து அளவை வகுப்பார்கள். 220இலிருந்து வயதைக் கழிக்கும் நாடிக் கணக்கு இங்கே ஏமாற்றும். பீட்டா தடுப்பு மாத்திரைகள் துடிப்பைத் தாழ்த்திவிடுகின்றன. ஆகவே உழைப்பின் கடுமையை நோயாளியே 6 முதல் 20 வரை மதிப்பிடும் போர்க் அளவுகோல் உதவுகிறது. பொதுவாக 11 முதல் 13 வரை போதும். மூச்சு வாங்கினாலும் பேச்சு தடைபடக் கூடாது. சட்டென்று நிறுத்தினால் இரத்தம் கால்களில் தேங்கி அழுத்தம் இறங்கித் தலைசுற்றும் என்பதால், மெல்லத் தொடங்கி மெல்ல முடிக்க வேண்டும். எடை தூக்கும்போது மூச்சை அடக்கலாகாது. நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்கள் வெயிலைத் தவிர்க்க வேண்டும்.

ஆபத்தான துடிப்பை மின்னதிர்ச்சியால் சரிசெய்யும் ஐ.சி.டி. கருவியை நெஞ்சில் பொருத்தியவர்கள், துடிப்பு கூடினால் அது தவறாக அதிர்ச்சி தந்துவிடுமோ என்று அஞ்சுகிறார்கள். கருவி செயல்படத் தொடங்கும் துடிப்பளவுக்கு நிமிடத்துக்கு 10 முதல் 20 துடிப்பு குறைவாகவே பயிற்சியை வரையறுத்தால் அந்த அபாயம் குறையும். முதியவர்களுக்கு இது ஆகுமா என்பது அடுத்த ஐயம். இதயச் செயலிழப்பால் மருத்துவமனையில் சேர்ந்த, 60 வயது நிறைந்த 349 பேரிடம் நடந்து 2021இல் வெளியான ஆய்வில், சமநிலையும் வலிமையும் சேர்ந்த பயிற்சி அவர்களுடைய உடலியக்கத்தைத் தெளிவாக மேம்படுத்தியது, மறுசேர்க்கையைக் குறைக்கவில்லை. பயிற்சி நோயை ஒழித்துவிடும் என்று சொல்வதும், அது உயிருக்கு உலை என்று சொல்வதும் ஒன்றுபோல் தவறு. நெஞ்சுவலி, மயக்கம், படபடப்பு வந்தால் உடனே நிறுத்துவதும், 3 நாளில் எடை 2 கிலோ ஏறினால் பயிற்சியை ஒத்திவைத்து மருத்துவரை அழைப்பதும் பயிற்சிக்கு வெளியே உள்ள எச்சரிக்கைகள் அல்ல. அவையும் பயிற்சியின் பகுதியே. அவற்றைக் கற்றுக்கொண்ட நோயாளிக்கு நடை அச்சம் தராது.