பெத்கெலர்ட்: ஒரு பொய்க் கல்லறையின் மெய் வரலாறு

வேல்ஸின் வடமேற்கே, ஸ்னோடன் மலைக்குத் தெற்கில், கிளாஸ்லின், கொல்வின் என்னும் இரண்டு ஆறுகள் கூடும் இடத்தில் பெத்கெலர்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. சில நூறு பேரே வாழும் ஊர். கருங்கல் வீடுகள், ஒரு பழைய பாலம், ஒரு தேவாலயம், ஊருக்குக் காவல்போல 782 மீட்டர் உயரத்தில் மோயல் ஹெபோக் மலை. ஆனால் வெளியூர்க்காரர் இங்கே வந்து முதலில் விசாரிப்பது மலையை அன்று, ஒரு நாயின் கல்லறையை. 13ஆம் நூற்றாண்டில் வட வேல்ஸை ஆண்ட பெருமன்னர் லுவெலின் தம் கைக்குழந்தையைக் கெலர்ட் என்ற வேட்டைநாயின் காவலில் விட்டுப் போனாராம். திரும்பி வந்தபோது தொட்டில் கவிழ்ந்திருந்தது. நாயின் வாயெல்லாம் இரத்தம். குழந்தையை நாய்தான் கொன்றது என்று எண்ணி வாளைச் செருகினார். அதன் பிறகுதான் தொட்டிலுக்கு அடியில் உயிரோடிருந்த குழந்தையையும், பக்கத்தில் செத்துக் கிடந்த ஓநாயையும் கண்டார். அந்த நாயைப் புதைத்த இடம் என்று ஆற்றோரப் புல்வெளியில் ஒரு கல்லும், கதையைச் சொல்லும் பலகைகளும் நிற்கின்றன. லுவெலினின் வரலாற்றுக்கு இந்தக் கல்லறை சாட்சி ஆகாது. ஆனால் ஒரு மலையூர் எப்படிப் பிழைத்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது.

முதலில் பொய்யின் கணக்கைத் தீர்த்துவிடலாம். 1793 வாக்கில் தெற்கு வேல்ஸிலிருந்து டேவிட் பிரிச்சர்ட் என்பவர் இந்த ஊருக்கு வந்தார். பிற்பாடு இங்குள்ள 'கோட்' விடுதியின் முதல் நிர்வாகி ஆனார். நாய்க்கதையைத் தம் ஊரில் கேட்டறிந்தவர் அவர். இங்கே வந்து பார்த்தால், ஊரின் பெயரே 'கெலர்ட்டின் கல்லறை' என்று பொருள்படுகிறது. அந்தக் கெலர்ட் யார் என்று சொல்ல ஆளில்லை. கதையை ஊர்ப்பெயரோடு இணைத்து, லுவெலினையும் உள்ளே கொண்டுவந்து, ஊராட்கள் சிலரோடு சேர்ந்து கல்லைத் தூக்கி நிறுத்தியவர் பிரிச்சர்ட்தான். இதை வெளிப்படுத்தியவர் டி. இ. ஜென்கின்ஸ். பெத்கெலர்ட்டைப் பற்றி 1899இல் அவர் வெளியிட்ட நூல்தான் கல் நட்ட கதையை அச்சில் ஏற்றியது. 13ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே ஊரின் பெயர் இருக்கிறது. அதில் உள்ள கெலர்ட், கிறித்தவம் இந்த மலைகளுக்கு வந்த தொடக்க காலத்துத் துறவி ஒருவராக இருக்கலாம் என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து. துறவியின் பெயரை நாய்க்குச் சூட்டியது விடுதித் தொழில்.

இங்கே ஒரு மறுப்பு எழும். கதை பிரிச்சர்ட்டின் கற்பனை இல்லையே, அவருக்கு முன்பே உலவியதுதானே, பிறகு அதைப் பொய் என்பது எப்படி? கதை பழையது என்பது முழு உண்மை. தமிழ் வாசகருக்கு அதைத் தனியாக நிறுவ வேண்டியதில்லை. பாம்பைக் கொன்று குழந்தையைக் காத்த கீரிப்பிள்ளையை அவசரத்தில் கொன்ற பார்ப்பனப் பெண், கணவனால் கைவிடப்பட்டுத் தவித்தபோது கோவலன் பொருள் கொடுத்து அவள் துயர் தீர்த்ததைச் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில் மாடலன் எடுத்துச் சொல்கிறான். பஞ்சதந்திரத்திலும் இதே கீரி வருகிறது. பஞ்சதந்திரம் பாரசீகம், அரபு வழியாக மேற்கே போயிற்று. 'ரோமின் ஏழு ஞானிகள்' என்ற கதைத் தொகுதியில் கீரி வேட்டைநாயாக மாறியது. அந்தத் தொகுதி இடைக்காலத்திலேயே வேல்ஷ் மொழிக்கும் வந்துவிட்டது. 13ஆம் நூற்றாண்டில் பிரான்சில் லியோன் நகருக்கு அருகே, இதே கதையின் நாயான கினேஃபோரைப் புனிதராகவே கிராமத்தார் வழிபட்டதை எத்தியென் தெ பூர்போன் என்ற துறவி கண்டித்து எழுதியிருக்கிறார். ஆகவே கதை யாருக்கும் சொந்தமில்லாதது. ஆனால் அந்தப் பழமையே பெத்கெலர்ட்டின் உரிமைக்கு எதிரான சான்று. இந்தியாவில் கீரியாகவும் பிரான்சில் புனிதராகவும் இருந்த விலங்கு, வேல்ஸின் ஓர் ஆற்றங்கரையில் மட்டும் உண்மையாகவே செத்துப் புதைந்திருக்க முடியாது. பிரிச்சர்ட் கதையை உண்டாக்கவில்லை; அதற்கு ஒரு முகவரி கொடுத்தார். நமக்குரிய கேள்வி, அந்த முகவரி ஏன் அப்போது தேவைப்பட்டது என்பதுதான்.

இந்த நிலம் தந்தது குறைவு. மழை மிகுதி, மண் மெல்லியது, சரிவு செங்குத்து. குடும்பங்கள் குளிர்காலத்தைப் பள்ளத்தாக்கு வீட்டிலும், கோடையை மந்தையோடு மலைக்குடிலிலுமாகக் கழித்தன. முன்னதற்கு ஹென்ட்ரே, பின்னதற்கு ஹவோத் என்று பெயர். ஹவோத் என்று தொடங்கும் பண்ணைப் பெயர்கள் ஊரைச் சுற்றி இன்றும் உண்டு. கையில் காசு புரள வேண்டுமானால் கறுப்பு மாடுகளை வணிகர்கள் இங்கிலாந்துச் சந்தைகளுக்கு ஓட்டிச் செல்ல வேண்டும். சிகன் போன்ற செம்புச் சுரங்கங்களும் இருந்தன. ஆனால் செம்பு விலையோடு ஏறி இறங்கிய பிழைப்பு அது, சிகன் 1903இல் மூடப்பட்டது. ஒரு காலத்தில் ஊருக்குக் கீழே உள்ள அபர்கிளாஸ்லின் பாலம்வரை கடல்நீர் ஏறி வந்தது. வில்லியம் மேடக்ஸ் 1811இல் கட்டி முடித்த கடலணை அந்தக் கழிமுகத்தை நிலமாக்கியது. வாணிகம் போர்த்மடாக் துறைமுகத்துக்குப் போயிற்று. அந்தத் துறைமுகத்தை வளர்த்த கற்பலகைத் தொழிலும் பிளைனாய் ஃபெஸ்டினியோக் போன்ற ஊர்களையே பெரிதாக்கியது.

இந்த ஊருக்கு வாய்த்த நிலையான செல்வம் பாதைதான். மலைக்கணவாய் வழிகள் கூடும் இடம் இது. இன்றைய மேரி தேவாலயம் நிற்கும் இடத்தில் அகஸ்டினிய மடம் ஒன்று இருந்தது. வேல்ஸின் மிகப் பழைய துறவு மடங்களில் ஒன்றாக அது மதிக்கப்பட்டது. 1280களில் மடம் தீக்கிரையானபோது, அதை மீண்டும் எழுப்ப உதவி கேட்டு பாங்கர் ஆயர் அனியன் கடிதம் எழுதினார். ஏழைகளுக்கும் வழிப்போக்கருக்கும் மடம் அளித்த விருந்தோம்பலையே அவர் அதன் பெருமையாகக் காட்டினார். எட்டாம் ஹென்றி 1530களில் மடங்களைக் கலைத்தபோது அந்த விருந்தோம்பலுக்கு இருந்த ஆதரவும் போயிற்று. இரண்டரை நூற்றாண்டு கழித்து வழிப்போக்கர் வேறு உருவில் வந்தனர். 1791இல் இளங்கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் இங்கிருந்துதான் இரவில் ஸ்னோடன் ஏறினார். 1793இல் பிரான்சோடு போர் மூண்டதும் ஆல்ப்ஸ் மலைக்குப் போக முடியாத ஆங்கிலச் செல்வர்கள் வேல்ஸ் மலைகளைத் தேடி வந்தனர். பிரிச்சர்ட் வந்து சேர்ந்ததும் அதே காலம். இயற்கைக் காட்சியோடு கண்ணீர்க் கதையும் தேடியவர்கள் அவருடைய வாடிக்கையாளர்கள். 1800இல் டபிள்யூ. ஆர். ஸ்பென்சர் நாயைப் பற்றிக் கவிதை எழுதினார். ஹைடன் அதற்கு இசை அமைத்தார். 1854இல் வந்த ஜார்ஜ் பாரோ தம் பயண நூலில் கல்லறைக்கு இடம் கொடுத்தார். மடம் செய்த வேலையை விடுதி செய்தது. மடத்துக்குக் கடவுள் பெயர் போதுமாயிருந்தது, விடுதிக்கு நாய் தேவைப்பட்டது.

இதற்கும் ஒரு வலுவான மறுப்பு உண்டு. பிழைப்புக்காகச் சொன்ன பொய், ஊரின் உண்மையான வரலாற்றை மூடிவிட்டதே என்பது அது. துறவி மறைந்தார்; மடம் மறைந்தது; சுரங்கத்தில் உழைத்தவரும் ஹவோத்தில் பால் கறந்தவரும் கதையில் இல்லை. தன் அரசை இழந்த ஒரு நாட்டின் பெரும் ஆட்சியாளரை, ஆராயாமல் வாளெடுத்த அவசரக்காரராக வெளியூர்க்காரர் நினைவில் நிறுத்தியதும் இந்தக் கதைதான். இந்தக் குற்றச்சாட்டில் பெரும்பகுதியை ஏற்றாக வேண்டும். ஆனால் பழியை முழுவதும் கல்லின் மேல் போடுவது சரியாகாது. மடத்தை அழித்தது அரசாணை. சுரங்கத்தை மூடியது சந்தை. இவை இரண்டும் ஊரைக் கைவிட்ட பின்பும் அதற்கு வருவாய் தந்தது பயணிகளின் வரவு. ஊர் வழியே 1923இல் முழுமையாகத் திறந்த வேல்ஷ் ஹைலண்ட் ரயில்பாதை 1937க்குள் மூடப்பட்டது. 21ஆம் நூற்றாண்டில் அது மீண்டும் ஓடத் தொடங்கியது கற்பலகைக்காக அன்று, பயணிகளுக்காக. சிகன் சுரங்கமும் 1986 முதல் காட்சியிடமாகவே பிழைக்கிறது. பொய்யை உடைத்த ஜென்கின்ஸின் நூலே துறவி, மடம், பண்ணை, பழங்கதை எல்லாவற்றையும் திரட்டி வைத்தது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்த நூல் வெளிவந்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகியும் கல்லறைக்கு வருவோர் நிற்கவில்லை. உண்மை தெரிந்தால் கூட்டம் கலைந்துவிடும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் இல்லை.

எனவே கல்லைப் பிடுங்கி எறிய வேண்டும் என்பவரோடும், அதன் முன் கேள்வி கேட்காமல் உருக வேண்டும் என்பவரோடும் உடன்பட முடியாது. போலிச் சின்னமும் ஓர் ஆவணமே. அது யாருடைய காலத்தைப் பேசுகிறது என்று சரியாகப் படிக்க வேண்டும், அவ்வளவுதான். பெத்கெலர்ட்டின் கல் 1200களைப் பற்றி எதுவும் அறியாது. 1790களைப் பற்றி நிறைய அறியும். லுவெலின் பெயரைச் சொல்லும் பலகைக்குப் பக்கத்தில் பிரிச்சர்ட் பெயரையும் ஆண்டையும் சொல்லும் பலகை ஒன்று நிற்க வேண்டும். அப்போதுதான் அது நாணயமான நினைவுச் சின்னமாகும்.